ஏழாம் மேசையில் அன்றைக்கு யார்

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டரை மணிக்கு ராஜாராம் சார் மாடிப்படி இரும்புக் கதவை உள்பக்கமாகப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதோடு விட்டாரா? எங்கள் பன்னிரண்டு பேரின் செல்போனையும் வாங்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, டப்பாவைத் தன் மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டார்.

“இன்னா சார், ஆடா மாடா நாங்க, பட்டியில அடைக்கறீங்க?” என்று மீனாதான் முதலில் கேட்டாள். அவள் வாய் ஓர் இடத்தில் நிற்காது.

“கம்முனு குந்து மீனா. ஆரு பண்ணதுன்னு தெரியாம ஒருத்தரும் கீய எறங்கக் கூடாது.”

எதைப் பண்ணியது, யார் பண்ணியது, எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ராஜாராம் சாருக்குப் பக்கத்தில், நெட் கார்டு செருகிய மடிக் கம்ப்யூட்டரோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெயர் வசந்த்குமார், எங்களுக்கு வேலை கொடுக்கிற சென்னை டிரஸ்டிலிருந்து வந்திருக்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. கொடுத்த டீயை அவர் தொடவேயில்லை.

இருங்கள், வேலை என்னவென்று சொல்லாமல் கதவைப் பூட்டியதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் அது. உத்திரமேரூர் பஜார் தெருவில் ஓர் உரக்கடைக்கு மேல்மாடியில் ராஜாராம் சாரின் டேட்டா என்ட்ரி சென்டர் இருந்தது. பன்னிரண்டு மேசை, பன்னிரண்டு கம்ப்யூட்டர், பன்னிரண்டு பெண்கள். அதற்கு முன் நான் பத்திர ஆபீசுக்கு எதிரே இருபத்திரண்டு வருஷம் டைப் அடித்தவள். தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் ஹையர் பாஸ். சென்டரில் சேரும்போது எனக்கு நாற்பத்தேழு வயது. மற்றவர்கள் எல்லாம் இருபதிலிருந்து இருபத்தைந்துக்குள். அதனால் எல்லோருக்கும் நான் தாயாரக்கா.

அந்த டிரஸ்ட், ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை கொடுக்கிறது. பள்ளிக்கூடங்களிலிருந்து வரும் பாரங்களைச் சென்னையில் படமெடுத்துப் போடுவார்கள். அது எங்கள் திரையில் இடதுபக்கம் வரும். அதைப் பார்த்து வலதுபக்கக் கட்டங்களில் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, முகவரி என்று இங்கிலீஷில் அடிக்க வேண்டும். ஒரே பிள்ளைக்கு இரண்டு பாரம் வந்திருந்தால் ஒன்றை நீக்கிவிட வேண்டும். அதற்கு டூப்ளிகேட் என்று பெயர். சாயந்தரம் யார் அதிகம் டூப்ளிகேட் கண்டுபிடித்ததாகக் கணக்குச் சொல்கிறார்களோ அவர்கள் பெயருக்கு நேரே ராஜாராம் சார் போர்டில் ஒரு நட்சத்திரம் போடுவார். என் பெயருக்கு நேரேதான் நட்சத்திரம் நிறைய. பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

டிரஸ்ட் எங்கள் எல்லோருக்குமாகக் கொடுத்தது ஒரே ஒரு பெயர், ஒரே ஒரு பாஸ்வேர்ட். பன்னிரண்டு பேரும் அதைத்தான் போட்டு உள்ளே போவோம். ஆகையால் எதை யார் அடித்தார் என்று பார்க்க மிஷின் நம்பர் ஒன்றுதான் வழி. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் நீளமாக ஒரு நம்பர் உண்டு. எங்களுடையவற்றில் கடைசி எண் மட்டும் மாறும், ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை. எந்த எண் யாருடையது என்று சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஒன்று, என்னுடையது. ஒன்றாம் மிஷின் மற்றவற்றைப் போல் இல்லை. மற்ற பதினொன்றின் வயரும் அதற்குள் வந்து, அதிலிருந்துதான் சென்னைக்குப் போகும். அதற்குச் சூடு ஆகாது என்று அதன் தலைக்கு மேல் மட்டும் ஒரு ஏசி. அந்தக் காற்று என் நாற்காலியோடு சரி. அதனால் என் நாற்காலி மேல் எல்லோருக்கும் ஒரு கண். ஆனால் இடம் மாறி உட்காரக் கூடாது என்பது ராஜாராம் சாரின் முதல் சட்டம்.

வசந்த்குமார் எழுந்து நின்று பேசினார். குரலை உயர்த்தவில்லை.

“போன வாரம் புதன்கிழமை முப்பத்தோரு பசங்களோட பாரத்தை இங்கேருந்து நீக்கியிருக்காங்க. முப்பத்தோரு பேரும் ஒரே இடம். தென்னேரிப் பக்கம், ஏரிக்கரையில இருக்கற இருளர் குடியிருப்பு. அங்கேருந்து வந்த பாரத்துல ஒண்ணுகூட மிஞ்சலை. வேற எந்த ஊருக்கும் இப்படி நடக்கலை. இது கைதவறி நடந்தது இல்லைம்மா. அந்த ஜனங்க மேல என்னமோ இருக்கறவங்க பண்ணது. ஆறு மணிக்குள்ள யாருன்னு எனக்குத் தெரியணும். இல்லைன்னா கம்ப்ளைன்ட் எழுதி ஸ்டேஷன்ல குடுத்துட்டுத்தான் பஸ் ஏறுவேன்.”

“எந்த மிஷின்லேருந்துன்னு இருக்குமே சார் உங்களாண்ட?” என்றார் ராஜாராம் சார்.

வசந்த்குமார் ஒரு தாளை நீட்டினார். ராஜாராம் சார் அதைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“தாயாரம்மா,” என்றார், “உங்கள நான் இப்டி நெனைக்கவே இல்ல.”

தாளைக் கையில் வாங்கினேன். முப்பத்தொரு வரி. எல்லா வரியிலும் புதன்கிழமை தேதி, மூன்று மணிக்கு மேல் மூன்றரைக்குள் நேரம். எல்லா வரியின் முடிவிலும் ஒன்று. அந்த ஒன்றுக்கு நேரே சுவரில் என் பெயர்.

“நான் இல்ல சார்,” என்றேன். வேறென்ன சொல்வது?

“புதன்கிழமை மூணு மணிக்கு என்ன பண்ணிட்டு இருந்தீங்க?” என்றார் வசந்த்குமார்.

“அடிச்சிக்கினு தான் இருந்தேன். தெனமும் அதானே சார்.”

“போன பொதன்னா, நான் கருவாட்டுக் கொயம்பு எடுத்தாந்த நாளு,” என்றாள் மீனா.

“அத்த கேட்டாரா உன்ன?” என்று ராஜாராம் சார் அதட்டினார்.

“கம்ப்யூட்டருக்கு உங்க மேல என்னம்மா கோபம்? அது பொய் சொல்லாது,” என்றார் வசந்த்குமார். 

நான் சுற்றிலும் பார்த்தேன். தினமும் என் டப்பாவில் கைவிட்டுச் சாப்பிடுகிற பெண்கள். ஒருத்தியும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்குக் கம்பி, படிக்குப் பூட்டு. கீழே உரக்கடையில் மூட்டை இறக்குகிற சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரருக்கும் மகளுக்கும் விஷயம் எப்படிப் போகும், யார் போய்ச் சொல்வார், ஸ்டேஷனில் என்னை எங்கே உட்கார வைப்பார்கள் என்றெல்லாம் மனசு ஓடிக்கொண்டிருந்தது. ஊரில் முப்பது வருஷம் சேர்த்த பெயர், ஒரு தாளில் இருக்கிற ஓர் எண்ணுக்கு முன்னால் ஒன்றுமில்லாமல் போய்விட்டது.

“பிரவீன் தம்பி வரட்டும் சார். அதுக்கு அப்பறம் இன்னா வேணா பண்ணுங்க,” என்றேன்.

பிரவீன் எங்கள் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவர். காஞ்சிபுரத்திலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் வருவார். மூன்றேகாலுக்கு வந்தார். அவருக்காகக் கதவைத் திறந்து, அவர் உள்ளே வந்ததும் மறுபடி பூட்டினார்கள்.

“இன்னா அக்கா, இன்னும் ரெண்டு தட்டு தட்டிக்கினு தான் கீறீங்களா?” என்று சிரித்துக்கொண்டே வந்தவர், எங்கள் முகங்களைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். ரெண்டு தட்டு என்பது என் பழைய வியாதி. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் புள்ளி வைத்ததும் இடம் விடுகிற நீளக் கட்டையை, அதாவது ஸ்பேஸ் பாரை, இரண்டு தடவை தட்டச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மற்றவர்கள் ஒரு தட்டுதான் தட்டுவார்கள். பிரவீன் பல தடவை சொல்லியும் என் கட்டைவிரல் கேட்கவில்லை.

ராஜாராம் சார் விஷயத்தைச் சொல்ல, பிரவீன் தாளை வாங்கிப் பார்த்தார். உதட்டைக் கடித்தார்.

“சார், ஒண்ணு பாருங்க. அன்னிக்கு இந்த ஒண்ணாம் நம்பர்லேருந்து மொத்தம் எத்தினி பாரம் அடிச்சதா உங்களாண்ட கீது?”

வசந்த்குமார் தன் கம்ப்யூட்டரில் தேடினார். “ஆயிரத்து முந்நூத்துப் பன்னெண்டு.”

“ரெண்டாம் நம்பர்லேருந்து?”

தேடினார். “ஒண்ணும் இல்லை.”

“மூணு?”

“இல்லை.”

“பன்னெண்டு வரைக்கும் பாருங்களேன்.”

பார்த்தார். எதுவுமே இல்லை.

“அடப்பாவி!” என்றாள் மீனா. “அப்ப நாங்க பதினோரு பேரும் காலீலேருந்து சாயந்தரம் வரிக்கும் இங்க சீட்டா ஆடிக்கினு கீறோம்?”

ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். ஒரு நாளைக்கு நான் நூற்றுப் பத்து பாரம் அடிப்பேன். ஆயிரத்து முந்நூறு அடிக்க எனக்கென்ன இருபது கையா?

பிரவீன் என் மிஷின் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னார்: “இது வாசல்ல நிக்கிற ஆளு மாதிரி சார். உள்ள கீறவங்க ஆரு எத்த குடுத்தாலும், தன் கையில வாங்கி, தானே எடுத்துக்கினு போயி உங்களாண்ட குடுக்கும். குடுக்கும்போது, ‘இது அஞ்சு குடுத்தது, இது ஒம்போது குடுத்தது’ன்னு ஒரு வரி எய்தித் தான் குடுக்குது. உங்க சைட்டு அந்த வரிய படிக்கறதே இல்ல. எடுத்தாந்தவன் மூஞ்சிய மட்டும் பாத்து எய்தி வெச்சுக்கினு கீது. அதான் எல்லாமே ஒண்ணு.”

வசந்த்குமார் என் மிஷினைக் குனிந்து பார்த்தார். அப்புறம், “அந்த வரியை யார் வேணா இட்டுக்கட்டி எழுதி அனுப்பலாமே. அதை நான் எப்படி நம்பறது?” என்றார்.

“நம்பாதீங்க சார். எவனோ எய்திக்கினு வர்ற வரிய நம்பக் கூடாது தான். ஆனா இந்த மிஷினு, தான் வாங்கினது குடுத்தது எல்லாத்தையும் தனக்குன்னு ஒரு நோட்டுல எய்தி வெச்சுகீது. அத்த தொறக்கற பாஸ்வேர்டு என்னாண்ட மட்டும் தான் கீது. உங்க தாள்ல கீற டயமும் இதுல கீற டயமும் ஒத்துப் போச்சுன்னா நம்புங்க.”

“திறங்க.”

அவர் உட்கார்ந்தார். அப்போது சரியாக நாலு மணி, கரண்ட் போய்விட்டது. அந்த வருஷம் தினமும் நாலிலிருந்து ஆறு வரை எங்கள் பக்கம் கரண்ட் கிடையாது. ஃபேன் எல்லாம் நின்றது. பதினொரு திரையும் அணைந்தது. யு.பி.எஸ். பேட்டரியில் ஒன்றாம் மிஷின் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. பேட்டரியில் ஓடும்போது அந்தப் பெட்டி பத்து விநாடிக்கு ஒரு தடவை ‘பீப்’ என்று கத்தும். அந்த இருட்டில், புழுக்கத்தில், உரநெடியில் எல்லோரும் என் மேசையைச் சுற்றி நெருக்கியடித்து நின்றோம்.

“இருவது நிமிஷம் தாங்கும்,” என்றார் பிரவீன். திரையில் எழுத்துகள் கொட்டிக்கொண்டே போயின. புதன்கிழமைக்கு வந்தார். மூன்று மணிக்கு வந்தார். வசந்த்குமார் தாளை வைத்துக்கொண்டு முதல் வரியின் நேரத்தைப் படித்தார். பிரவீன் விரலால் தொட்டுக் காட்டினார். 

“ஏழு.”

இரண்டாவது வரி. ஏழு. மூன்றாவது. ஏழு. முப்பத்தொன்றும் ஏழு. விநாடி பிசகாமல் ஒத்துப்போயிற்று.

அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். மீனா என் தோளை அமுக்கி, “எனக்குத் தெரியும்க்கா,” என்றாள். ஒரு மணி நேரத்துக்கு முன் தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ஏழு யாரு?” என்றார் வசந்த்குமார்.

தாளைப் பார்க்கவே வேண்டாம். ஏழாம் மேசை ஜன்னலோரம். அது சுகிர்தாவுடையது.

சுகிர்தா காலனிப் பெண். அப்பா அம்மா இரண்டு பேரும் கழனி வேலை. பிளஸ் டூ முடித்து, கல்யாணம் முடித்து, எங்களோடு சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அப்போது நாலு மாசம் முழுகாமல் இருந்தாள். அதிகம் பேச மாட்டாள்.

“தா பாரு சார், இப்ப வெளங்குது,” என்றார் ராஜாராம் சார். “இவங்க காலனிக்கும் அவங்களுக்கும் இன்னா போட்டியோ. உதவி வர்ற எடத்துல அவன் பேரு வந்தா என் பேரு போய்டும்னு...”

“சார்,” என்றாள் சுகிர்தா. “எங்க ஊரு எங்க, தென்னேரி எங்க? அவங்க ஆருன்னே எனக்குத் தெரியாது சார்.”

“ஒம் மிஷினு தானே அது?”

“மிஷினு என்துதான். ஆனா அன்னிக்கு நான் அங்க குந்தல.” நிறுத்தினாள். மீனாவைப் பார்த்தாள். “கருவாட்டு வாசன தாங்காம வாந்தி எடுத்தேன். தாயாரக்கா தான், நீ ஏசியாண்ட குந்துடின்னு என்ன இங்க குந்த வெச்சிட்டு, அவங்க போயி அங்க குந்தினாங்க.”

“ஏய்!” ராஜாராம் சார் கையை ஓங்காத குறை. “சீட்டு மாறக் கூடாதுன்னு ரூல் கீது இங்க. ஒம் மேல வந்ததும் பெரியவங்க மேல தள்றியா? இப்பத்தான் அவங்க மேல பயி இல்லன்னு ஆச்சு, ஒடனே மறுபடியும் அவங்களா? அவங்க வயசு இன்னா, மரியாதி இன்னா!”

பீப் என்றது பெட்டி.

சுகிர்தா என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, முறைக்கவில்லை. அடுத்து நான் என்ன சொல்லப் போகிறேன் என்று பார்த்தாள், அவ்வளவுதான்.

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. அதற்கு முன் ஏன் வரவில்லை என்று கேட்பீர்கள். முந்தைய இரண்டு வாரத்தில் நாலைந்து நாள் அவளை என் இடத்தில் உட்கார வைத்திருக்கிறேன். ஒவ்வொரு நாளும் ராஜாராம் சார் காஞ்சிபுரம் போகிற நேரம் பார்த்துத்தான். எந்தக் கிழமை என்று யார் வைத்துக்கொண்டார்கள்? டூப்ளிகேட்டும் தினமும் பத்து, இருபது நீக்குவேன். மீனா கருவாடு என்றபோதுகூட பயத்தில் மண்டையில் ஏறவில்லை. ஆனால் சுகிர்தா வாந்தி என்றதும் அந்தப் புதன்கிழமை அப்படியே வந்து நின்றது. ஏழாம் மேசையில் திரையில் வெயில் அடிக்கிறது என்று ஜன்னல் கம்பியில் என் துண்டைக் கட்டியது. ஒரு கட்டுப் பாரத்தில் எல்லாமே ஒன்றுபோல இருந்தது. சரியான திருட்டு வேலை, ஒரே பாரத்தை முப்பது தடவை எழுதி அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தது. திருட்டுப் பாரத்தில் ஒன்றை மட்டும் எதற்கு விடுவது என்று எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நீக்கியது. அன்று சாயந்தரம் போர்டில் என் பெயருக்கு நேரே நட்சத்திரம் விழுந்தது.

பீப்.

வாயைத் திறந்தால் மறுபடி நான். இந்தத் தடவை பிரவீன் வந்து காப்பாற்ற ஒன்றும் இல்லை, ஏனென்றால் இந்தத் தடவை நிஜமாகவே நான். திறக்காவிட்டால் அவள். யாரும் என்னை எதுவும் கேட்கப்போவதில்லை. சும்மா நின்றால் போதும். ராஜாராம் சார் சாவியை எடுப்பார், நான் படியிறங்கிப் போய் உலை வைக்கலாம். 

பீப். பீப். என் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பின்னால் எட்டி நிற்கலாம் என்றால் பின்னால் ஆட்கள். அவள் வேறு பக்கம் பார்த்தாலாவது தேவலை என்று நினைத்தேன். அவள் பார்க்கவில்லை.

எத்தனை பீப் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன் என்பது எனக்கே அப்புறம்தான் தெரிந்தது. பதினேழு.

“சார்,” என்றேன். “அவ சொல்றது நெசம். அன்னிக்கு ஏயுல நான் தான் குந்தினேன். நான் தான் எடுத்தேன்.”

ராஜாராம் சார் தலையில் கை வைத்தார். “யம்மா, சும்மா இருங்கம்மா! பாவம் பாக்கற நேரமா இது? புள்ளத்தாச்சின்னு பாக்கறீங்களா?”

வசந்த்குமார் என்னை நம்பவில்லை. “இதோ பாருங்கம்மா. ஒரு மணி நேரம் முன்னாடி நான் இல்லை, நான் இல்லைன்னு அழாத குறையா சொன்னீங்க. இப்ப நீங்க இல்லைன்னு ரெக்கார்டே சொல்லுது, நான்தான்னு நிக்கறீங்க. ரெக்கார்டுல ஏழு இருக்கு. ஏழுக்கு நேரா இவங்க பேர் இருக்கு. நான் இதைத்தான் எழுத முடியும்.”

“மிஷின் நம்பர் தான் சார் அதுல கீது. குந்தின ஆளு அதுல எங்க கீது?” என்றேன்.

“அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?”

இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. செய்யாதபோது நான் செய்தேன் என்றார்கள். செய்தேன் என்று சொன்னால் அதற்கு அத்தாட்சி கேட்கிறார்கள். சுகிர்தா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இவ்வளவுதான் நடக்கும் என்று அவளுக்கு முன்பே தெரிந்த மாதிரி.

பிரவீன் திடீரென்று, “அக்கா, ரெண்டு தட்டு!” என்றார்.

“இன்னா தம்பி?”

“சார், அன்னிக்கு ரெண்டு மணிலேருந்து நாலு மணி வரிக்கும் இந்த நோட்டுல ஏயுன்னு கீற பாரத்த எல்லாம் உங்க மிஷின்ல எடுங்க. டயம் நான் சொல்றேன். சைட்டுல வெச்சுப் பாக்காதீங்க, அதுல தெரியாது. எத்தினி எடம் உட்டாலும் ஒண்ணாத் தான் காட்டும். அடிச்சது அடிச்ச மாதிரி, வெறும் எய்த்து ஃபைலா எறக்குங்க.”

பேட்டரி தீர எட்டு நிமிஷம் இருந்தது. பிரவீன் நேரத்தைச் சொல்லச் சொல்ல வசந்த்குமார் இறக்கினார். அப்பா பெயருக்கு முன்னால் இனிஷியல், இனிஷியலுக்குப் பக்கத்தில் புள்ளி, புள்ளிக்குப் பக்கத்தில் காலி இடம். ஒன்றல்ல, இரண்டு. அடுத்ததிலும் இரண்டு. இருபத்து நாலு பாரம், எல்லாவற்றிலும் இரண்டு.

“இப்ப அதே நேரத்துல, ஒண்ணுன்னு கீறத எடுங்க.”

எடுத்தார். என் நாற்காலியில் உட்கார்ந்து சுகிர்தா அடித்தவை. எல்லாவற்றிலும் ஒரே இடம்.

“அக்காவோட கட்டவெரலு சார் அது,” என்றார் பிரவீன். “நான் ஒரு வருசமா திட்டிக்கினு கீறேன்.”

அதோடு ஒன்றாம் திரையும் அணைந்தது. பெட்டி கத்துவதை நிறுத்தியது. வசந்த்குமாரின் மடிக் கம்ப்யூட்டர் வெளிச்சம் மட்டும் இருந்தது. அவர் மற்றவர்களை எல்லாம் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்து என்னை உட்காரச் சொன்னார்.

“ஏம்மா?”

சொன்னேன். பிள்ளை பெயர் மட்டும்தான் வேறு வேறு, அப்பா பெயர் பாதிப் பாரத்தில் சின்னப்பையன். பிறந்த தேதி எல்லாவற்றிலும் ஜூன் ஒன்று. முகவரி எல்லாவற்றிலும் ஒரே ரைஸ் மில். கையெழுத்து எல்லாம் ஒரே வாத்தியாருடையது. பெற்றோர் கையெழுத்து போட வேண்டிய இடத்தில் எல்லாம் கைநாட்டு. எதைப் பார்த்தாலும் ஒருவரே திரும்பத் திரும்ப எழுதியது போல இருந்தது.

“அங்க வீட்டுக்குக் கதவு நம்பர் கிடையாதும்மா,” என்றார் அவர். “தபால்காரர் உள்ள போக மாட்டார். எல்லாருக்கும் வர்ற தபாலை மில்லுல குடுத்துட்டுப் போயிடுவார். பிறந்த சர்டிபிகேட் இல்லாத பசங்களுக்கு ஸ்கூல்ல சேக்கும்போது வாத்தியாரே ஜூன் ஒண்ணுன்னு போட்டுடுவார். சின்னப்பையன்னு அங்க ஆறு பேர் இருக்காங்க. நான் நேர்ல போயிருக்கேன்.” 

பிறகு அவர் ஒரு பாரத்தைத் திறந்து கீழே இறக்கினார். கீழே, கையெழுத்துக்கும் கீழே, போட்டோ ஒட்டியிருந்தது. ஒரு பெண்பிள்ளை. எண்ணெய் வைத்து வாரிய தலை. அடுத்த பாரம். ஒரு பையன், சட்டையில் மேல் பொத்தான் இல்லை. அடுத்தது.

பெயர், முகவரி, கையெழுத்து எல்லாம் மேலேயே தெரிந்துவிடும். அதற்கும் கீழே இறக்கிப் பார்க்க நேரமாகும் என்று எங்களில் யாருமே இறக்குவதில்லை. நானும் இறக்கவில்லை.

அவர் திட்டவில்லை. முப்பத்தொன்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து என்னைப் பார்க்க வைத்தார். பாதியில் கண்ணை எடுக்கலாமா என்று நினைத்தேன், எடுக்க முடியவில்லை. ஒரு முகம்கூட இன்னொன்றைப் போல இல்லை. 

“நீக்கினது எதுவும் அழியலை, மறைஞ்சுதான் இருக்கு. நான் இன்னிக்கே திரும்பக் கொண்டுவந்துடுவேன். உதவித்தொகைக்குப் பேர் குடுக்க ஞாயித்துக்கிழமை வரைக்கும் டயம் இருக்கு,” என்றார். “வேணும்னு பண்ணலைன்னு எனக்குப் புரியுது. ஸ்டேஷனுக்குப் போகலை. ஆனா என்ன நடந்ததுன்னு எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுங்க. இனிமே எங்க பாரம் உங்க கைக்கு வர முடியாதும்மா.”

ராஜாராம் சாருக்கு வேறு வேலை கிடையாது, எல்லாம் அவர்களுடைய பாரம்தான். ஆக எனக்கும் வேலை கிடையாது. கரண்ட் இல்லாததால் கையாலேயே எழுதினேன். இடம் மாறியது, பார்க்காமல் நீக்கியது, ஒரே முகவரி என்பதால் ஒரே ஆள் என்று நினைத்தது, எல்லாவற்றையும் எழுதினேன். இடம் மாறச் சொன்னது நான், சுகிர்தா இல்லை என்று தனியாக ஒரு வரி எழுதி அடிக்கோடிட்டேன். ராஜாராம் சார் அதை வாசித்துவிட்டுச் சாவியை எடுத்தார். 

ஆறு மணிக்குக் கரண்ட் வந்தபோது நாங்கள் படியிறங்கிக்கொண்டிருந்தோம். மீனா என் டப்பாவை எடுத்துவந்து கொடுத்தாள். “ஏங்க்கா, இனிமே நான் கருவாடே எடுத்தாற மாட்டேங்க்கா,” என்றாள். அவளுக்கு வேறென்ன சொல்லத் தெரியும்? 

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சுகிர்தா என் கூடவே வந்தாள். பழக்கடை ஓரமாக நின்று அவள் ஊர் பஸ்ஸை எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம். அவளுக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்கலாம் என்று, “சாத்துக்குடி சாப்புட்றியா கண்ணு?” என்றேன்.

“வேணாங்க்கா.”

பஸ் வந்து திரும்பியது. ஏறுவதற்கு ஒரு காலைப் படியில் வைத்தவள், திரும்பினாள்.

“அக்கா, நான் சொன்ன ஒடனே நீ ஆமான்னு சொல்லுவன்னு நெனச்சேன். ஏங்க்கா அவ்ளோ நேரம்?”

பயம் என்று சொல்லலாம். ஞாபகம் வரவில்லை என்றுகூடச் சொல்லியிருக்கலாம், அவள் நம்பியிருப்பாள். அவளுக்குப் பின்னால் ஏற வேண்டியவர்கள், “ஏறும்மா, ஏறும்மா” என்று தள்ளினார்கள். அவள் உள்ளே போய் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தாள். பஸ் கிளம்பும் வரைக்கும் நான் ஜன்னலுக்குக் கீழேயே நின்றிருந்தேன். அவள் இன்னொரு தடவை கேட்கவில்லை.